ஸ்டாக்ஹோமில் அலுவலகம் எடுக்கிறீர்களா? ஜூலையை விட்டுவிடுங்கள்

ஸ்வீடனில் மேசை, இணையம், காபி எல்லாம் சேர்ந்த ரெடிமேட் அலுவலகத்தை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், ஒப்பந்தத்தை ஜூலையில் தொடங்காமல் ஆகஸ்ட் நடுவில் தொடங்கும்படி கேளுங்கள். ஒத்துவரவில்லையா, ஜூலை வாடகையையாவது தள்ளுபடி செய்யச் சொல்லிப் பாருங்கள்.

அங்கே சட்டப்படி ஆண்டுக்கு 25 நாள் விடுப்பு. அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ச்சியாக எடுக்க ஊழியருக்கு உரிமை உண்டு, பெரும்பாலோர் ஜூலையைத்தான் பிடிப்பார்கள். மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் வராது. காலி அறைக்கு வாடகை கட்டுவானேன்? அந்த மாதத்தில் புதிதாக இடம் தேடுபவர்களும் குறைவு என்பதால் பேரம் படிய வாய்ப்பு உண்டு. பேச்சை மட்டும் ஜூன் பிற்பகுதியில் வரும் மிட்சம்மர் பண்டிகைக்கு முன், அதாவது ஜூன் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் ஆள் கிடைப்பது கஷ்டம்.

சொல்லும் விலையில் 25 சதவீத 'மோம்ஸ்' (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஜூலையிலும் முழுக்குழுவும் வேலை செய்யும் என்றால் இந்த யோசனை உதவாது. கம்பெனிக்கு உடனே முகவரி வேண்டும் என்பவர்கள், அதுவரை முகவரி மட்டும் தரும் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.