நில அளவர் பயிற்சி: புலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்பிஎஸ்சி தேர்வில் தேறி நில அளவர் வேலைக்கு வருகிறவர்கள், வகுப்பில் படித்து முடித்ததும் குறுவட்ட நில அளவரோடு புலத்தில் இறங்குகிறார்கள். அப்போதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. நாங்கள் பயிற்சிக் காலத்தில் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு புதுத் தொகுதியும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். டேப் முறுக்கிக்கொள்வது, 69-ஐ 96 என்று எழுதுவது எல்லாம் நாள்பட்டால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். அடுத்தவர் நிலத்தைப் பறித்துக்கொடுக்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

கண்ணில் பட்ட முதல் கல்லிலிருந்து அளப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். பயிற்சியாளர் வயலுக்கு வருகிறார், வரப்போரம் ஒரு கல் தெரிகிறது, புலப்படத்திலும், அதாவது அந்த நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடத்திலும், அந்த மூலையில் ஒரு கல் இருக்கிறது. சரி, இதுதான் என்று டேப்பின் முனையை அதில் வைத்துவிடுகிறார். அந்தக் கல் நட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று கேட்பதே இல்லை.

நான் பார்த்த ஒரு சம்பவம். அண்ணன் தம்பி இருவர் கூட்டுப் பட்டாவைப் பிரிக்க மனு கொடுத்திருந்தார்கள். நஞ்சை நிலம், ஒரு பக்கம் சாலை. பயிற்சியில் இருந்த பையன் சாலையோரக் கல்லைப் பிடித்து, புலப்படத்தில் எழுதியிருந்த தூரங்களைப் போட்டு, உட்பிரிவுக் கோட்டைக் குறித்துவிட்டான். டேப் பிடித்ததிலும் கணக்குப் போட்டதிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாலையை அகலப்படுத்தியபோது ஜேசிபி அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் யாரோ நல்ல எண்ணத்தில் எடுத்து, தோராயமாக ஓர் இடத்தில் நட்டுவிட்டார்கள். பழைய இடத்திலிருந்து 1.4 மீட்டர் உள்ளே.

கோடு 60 மீட்டர் நீளம். 60-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 84 சதுர மீட்டர், அதாவது இரண்டு சென்ட்டுக்கு மேல். அண்ணன் பங்கிலிருந்து அவ்வளவும் தம்பி பக்கம் போய்விட்டது. தம்பி அந்தக் கோட்டை நம்பிச் சுவர் எழுப்பினார். அண்ணன் வேறு ஆளை வைத்து அளந்து பார்த்தார். அப்புறம் வக்கீல், வாய்தா, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்கள். சுவரை இடித்த செலவையும் வழக்குச் செலவையும் கூட்டினால் அந்த இரண்டு சென்ட்டின் விலையைத் தாண்டியிருக்கும்.

மறு அளவைக்குப் போனபோது வாய்க்கால் கரையில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, அந்தக் கல்லு ரோடு போட்டப்பவே பேந்துபோச்சே. முதல்ல வந்தவங்க யாரும் என்னைக் கேக்கலியே.” கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

என்ன செய்திருக்க வேண்டும்? கல்லைக் கல்லால்தான் சோதிக்க வேண்டும். குறைந்தது மூன்று கற்களைத் தேடிப் பிடியுங்கள். புதைந்திருந்தால் மண்வெட்டி போட்டுத் தோண்டிப் பாருங்கள், கல் இல்லை என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். மூன்றுக்கும் இடையே உள்ள தூரங்களை அளந்து புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். முதல் கல்லுக்கும் இரண்டாவதுக்கும் இடையே தூரம் சரியாக வந்து, மூன்றாவதோடு இரண்டுமே பொருந்தாவிட்டால், பெரும்பாலும் நகர்ந்தது மூன்றாவது கல். இரண்டே கற்களை வைத்துக்கொண்டு தூரம் இடித்தால் எது நகர்ந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது. அதனால்தான் மூன்று.

அதோடு நிற்காதீர்கள். பக்கத்து சர்வே எண்ணின் புலப்படத்தையும் கையில் வைத்திருங்கள். பொது எல்லை இரண்டு படங்களிலும் இருக்கும், இரண்டிலும் ஒரே அளவு வர வேண்டும். படத்தில் பழைய கிணறோ கோயிலோ காட்டியிருந்தால் அதற்கும் ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். கல்லை நகர்த்துகிறவர்கள் உண்டு, கிணற்றை நகர்த்த யாராலும் முடியாது.

கல் சாய்ந்திருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். தலை ஓரிடத்தில் இருக்கும், மண்ணுக்குள் அடி வேறிடத்தில் இருக்கும். நட்ட இடம் அடிதான். தலையில் டேப் வைத்தால் அங்கேயே அரை அடி போய்விடும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை, மனுக்கள் குவிந்து கிடக்கின்றன என்பார்கள். வேலைச்சுமை உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் கல்லைச் சோதிக்க ஆகிற அரை நாளை மிச்சம் பிடித்தால், அதே புலத்துக்கு மேல்முறையீட்டோடு திரும்ப வர வேண்டியிருக்கும். அதற்குள் அங்கே சுவரும் நின்றுவிடும்.

லிங்க்கை மீட்டராக மாற்றுவதில் அலட்சியம்

பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க்கில் இருக்கும். கன்டர் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். மெட்ரிக் சங்கிலியின் லிங்க்கோ சரியாக 20 சென்டிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று புதியவர்கள் 0.2-ஆல் பெருக்கிவிடுகிறார்கள்.

850 லிங்க் கோட்டை எடுத்துக்கொள்வோம். உண்மையான நீளம் 170.99 மீட்டர். 0.2-ஆல் பெருக்கினால் 170. ஒரு மீட்டர் காணாமல் போகிறது. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யுடிஆர் பணிகளை ஒட்டி மெட்ரிக் அளவுகள் வந்துவிட்டன, ஆனால் பழைய வழக்குகளில் பழைய படம்தான் மேசைக்கு வரும். படத்தைத் திறந்ததும் முதலில் அலகைப் பாருங்கள்.

படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பது

கூடாது. இணையதளத்தில் இறக்கி அச்செடுத்த புலப்படம், பிரிண்டர் அமைப்புக்கு ஏற்பச் சுருங்கியோ விரிந்தோ இருக்கும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண் மட்டுமே அளவு.

பக்கத்து நிலக்காரர் இல்லாமல் அளப்பது

நம் எல்லை அளவைக்கு அடிப்படை 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அதில் அறிவிப்புக்கு இடம் கொடுத்திருப்பது சும்மா இல்லை. எல்லை என்பது இரண்டு பேருக்குப் பொதுவானது. மனுதாரர் மட்டும் நின்று, பக்கத்து நிலக்காரர் ஊரில் இல்லாத நாளில் நட்ட கல், அவர் திரும்பி வந்த அன்றே பிடுங்கப்படும். அறிவிப்பு அவர் கையில் சேர்ந்ததா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரில் வந்தால் டேப்பின் ஒரு முனையை அவரிடமே பிடிக்கக் கொடுப்பேன். தானே பிடித்த அளவைப் பிறகு யாரும் லேசில் மறுப்பதில்லை.

மனுதாரர் வண்டியில் போய் இறங்குவது

பேருந்தில் போங்கள்.

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது

அளவை அங்கேயே, அந்த நிமிடமே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கைபேசி வரைபடத்தைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது

துறையில் இப்போது டிஜிபிஎஸ் என்னும் திருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவிகள் இருக்கின்றன, அவை சென்டிமீட்டர் அளவில் துல்லியம் தரும். கைபேசியின் ஜிபிஎஸ் அப்படி இல்லை, சில மீட்டர்கள் தள்ளிக் காட்டுவது சாதாரணம். செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற வரப்பும் உழுகிறவரின் வரப்புதான், எல்லைக்கோடு அல்ல. “செல்லுலயே தெரியுதே சார்” என்று மனுதாரர் காட்டினால் பொறுமையாக விளக்குங்கள். நீங்களே அதைக் காட்டிப் பேசத் தொடங்காதீர்கள்.

பரப்பைக் கூட்டிப் பார்க்காமல் கோப்பை அனுப்புவது

உட்பிரிவுகளின் பரப்பெல்லாம் சேர்ந்தால் கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டில் உள்ள தாய் எண்ணின், அதாவது பிரிக்கும் முன்பிருந்த சர்வே எண்ணின், பரப்பு வர வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ, கடைசி உட்பிரிவில் திருத்திச் சரிக்கட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் கடைசி உட்பிரிவும் ஒருவருடைய நிலம். பரப்பைக் கணக்கிட நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்தீர்களே, அதில் எந்த முக்கோணத்தில் கணக்குத் தவறியது என்று தேடிப் பிடியுங்கள். கணக்கில் கிடைக்காவிட்டால் மறுபடி புலத்துக்குப் போய் மூலைவிட்டத்தை அளந்துவிட்டு வந்து, பிறகு கோப்பை மேலே அனுப்புங்கள்.