பிரித்துப் பூட்டிய என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? டைமிங்கை இந்த வரிசையில் பாருங்கள்

செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அல்லது பிடித்தும் இழுவை இல்லை, கார்புரேட்டர் வழியே 'டப்'பென்று வெடிக்கிறது. உடனே டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) திருப்பத்தான் கை போகும். வேண்டாம். வால்வு டைமிங், அதாவது பிஸ்டனின் நிலைக்கு ஏற்ப வால்வுகள் திறந்து மூடும் நேரம், சரியென்று கண்ணால் பார்த்த பிறகுதான் மின்பொறியின் பக்கம் போக வேண்டும். அதுவரை செல்ஃபும் அடிக்காதீர்கள். பல என்ஜின்களில் வால்வு டைமிங் அதிகம் தவறினால் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும்.

படி 1: பேட்டரி வயரையும் எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையை விரலால் மூடியிருந்தால், கம்ப்ரஷன் வரும்போது காற்று விரலைத் தள்ளும். இப்போது ஓட்டைக்குள் நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விடுங்கள். மெதுவாகத் திருப்பத் திருப்ப குச்சி மேலே ஏறும், சற்று நிற்கும், பிறகு இறங்கும். அந்த நிற்கும் இடத்தின் நடுதான் பிஸ்டனின் உச்சி. புல்லியின் குறியும் அங்கே சேர வேண்டும். ரப்பர் வைத்த புல்லியில் வெளிவளையம் நழுவியிருக்கலாம். குறியும் குச்சியும் ஒத்துப்போகாவிட்டால் குச்சியை நம்புங்கள்.

படி 2: கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சக்கரத்தின் குறி அதற்குரிய குறியோடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் என்ஜின் ஓடலாம், ஆனால் ஐடிலில் நடுங்கும். கிராங்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்டின் தளர்வு முழுவதும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம்தான் இருக்க வேண்டும். டென்ஷனரை இறுக்கியதும் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் ஒரு சுற்று வரும், குறிகள் மறுபடி சேர வேண்டும். நடுவில் கெட்டியாக முட்டினால் அழுத்தாதீர்கள், வால்வில் பிஸ்டன் தொட்டிருக்கக்கூடும். செயின் என்ஜினில் வண்ணக் கண்ணிகள் அந்த இரண்டு சுற்றில் பழைய இடத்துக்கு வராது. புதிதாகச் செய்பவர்கள் இதைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் மறுபடி பிரித்துவிடுகிறார்கள். சக்கரக் குறிகள் சேர்ந்தால் போதும்.

படி 3: முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் முனை) அந்த சிலிண்டரின் பிளக் வயரைப் பார்க்க வேண்டும். நேர் எதிரே பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் குறி ஒவ்வொரு சுற்றிலும் வருவதால், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் கட்டம்) முடிவில் வந்த குறியை வைத்துப் பூட்டினால் இப்படித்தான் ஆகும். தூக்கிச் சரியாக வையுங்கள். வயர்களை ரோட்டர் சுற்றும் திசையில் ஃபயரிங் ஆர்டர்படி (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) மாட்டுங்கள். நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, ஆனாலும் மேனுவலைப் பாருங்கள்.

படி 4: சரி, பிளக்குகளையும் பேட்டரி வயரையும் மறுபடி மாட்டி இனி ஸ்டார்ட் செய்யலாம். என்ஜின் சூடானதும் டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) முதல் பிளக் வயரில் மாட்டி, மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் பொறி முந்தும். ஃபேனிடம் கை போகாமல் கவனம்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத வண்டியில் பி0016 கோடு (கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) வந்தால், சென்சார் வாங்க ஓடும் முன் படி 2-ஐ மறுபடி பாருங்கள். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி குறைந்திருந்தாலும் அப்படியே; புது பிஸ்டன் ரிங்கைக் குறை சொல்வது அப்புறம்.