மருத்துவக் காப்புறுதி: மலையகத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கிறதே, காப்புறுதி எதற்கு?" மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் கட்டிலுக்கும் டொக்டருக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசில்லை. இது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஆனால் ஒரு குடும்பத்தை விழுத்துகிற செலவு அங்கே வருவதில்லை, வெளியில்தான் வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் முதல் தவறு.

மஸ்கெலியாப் பக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்புகிறார்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், சரி. வீடு திரும்ப வேன் பிடிக்க வேண்டும். துணைக்கு நிற்கும் மனைவிக்குச் சாப்பாடு வேண்டும், அந்த நாட்களில் அவருக்கும் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் கிடைக்காது. வார்டில் இல்லாத மருந்தை வெளிப் பார்மசியில் வாங்கச் சொல்வார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் அப்படி எழுதிக் கொடுத்த துண்டுகளோடு எத்தனை பேர் கடை கடையாக அலைந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். முதலில் தோடு அடகுக்குப் போகும், அப்புறம் நுண்கடன். நோய் குணமான பிறகும் கடன்காரர் வாசலுக்கு வந்துகொண்டிருப்பார். பிள்ளையின் டியூஷன் நிற்பதும் அப்போதுதான்.

அடுத்த தவறு, கையில் ஏற்கெனவே இருப்பது தெரியாமல் இருப்பது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்காகத் தோட்டம் தன் பணத்திலிருந்து சம்பளத்தில் 3 சதவீதம் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) கட்ட வேண்டும். வேலையை விடும்போது எடுக்கிற காசு என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு லென்ஸ் வைப்பது போன்றவற்றுக்கும் அந்த நிதியம் உறுப்பினருக்கு உதவி கொடுக்கிறது. செக்ரோலில் பெயரில்லாமல் கைக்காசுக்கு மட்டும் கொழுந்து எடுப்பவருக்கும், மரக்கறித் தோட்டத்திலோ கொழும்புக் கடையிலோ பதிவில்லாமல் வேலை செய்பவருக்கும் இந்த வழி அடைபட்டுப் போகிறது. நம் ஆட்கள் பாதுகாப்பில்லாமல் நிற்பதற்கு அலட்சியத்தை விட இதுதான் பெரிய காரணம் என்பேன். வேலைக்குச் சேரும்போதே ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்), ஈ.டி.எஃப். உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது. இடையில் தடைப்பட்ட திட்டம் என்பதால் இந்த ஆண்டு நிலவரத்தை அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இவை எல்லாவற்றையும் கெடுப்பது பெயர்க் குழப்பம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறு, தோட்ட ஆபீசில் கூப்பிடுகிற பெயர் இன்னொன்று. நோயாளி வார்டில் கிடக்கும்போது இதைத் திருத்த ஓடுவது கொடுமை. உடம்பு நன்றாக இருக்கும்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியாகக் காப்புறுதி எடுப்பவர்கள் செய்கிற மிகப் பெரிய தவறு படிவத்தில்தான் நடக்கிறது. காப்புறுதிக் கம்பனியின் முகவர் வந்து இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) உட்காருகிறார். படிவம் இங்கிலிஷில் இருக்கிறது. "வருத்தம் ஏதும் இருக்கா?" "பிரஷர் கொஞ்சம் இருக்கு தம்பி." "அதெல்லாம் எழுத வேண்டாம் அக்கா, பிறகு சிக்கலாகும்." அவர் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு சரி போடுகிறார், அக்கா கையெழுத்து வைக்கிறார். பின்னொரு நாள் பக்கவாதம் வந்து பணம் கேட்டால், கம்பனி முதலில் கேட்பது கிளினிக் கொப்பியை. அதில் ஒவ்வொரு மாதமும் பிரஷர் அளந்த திகதி வரிசையாக இருக்கும். கோரிக்கை நிராகரிக்கப்படும், கையெழுத்து அக்காவுடையது என்பதால் சட்டமும் பெரும்பாலும் கம்பனி பக்கமே நிற்கும். உண்மையைச் சொன்னால் தவணைப் பணம் கூடலாம், அந்த நோய்க்கு மட்டும் பணம் இல்லை என்று எழுதலாம். மற்ற நோய்களுக்காவது காப்புறுதிப் பத்திரம் செல்லும். கையெழுத்து வைப்பதற்கு முன், படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முகவர் அவசரப்படுத்தினால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

ஆயுள் காப்புறுதி இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். எடுத்த மறுநாளே எல்லா நோய்க்கும் பணம் வராது, காத்திருப்புக் காலம் உண்டு. வேலை குறைந்த மாதங்களில் தவணை தவறினால் பத்திரம் காலாவதியாகலாம், அதனால் கட்ட முடிகிற சிறிய தொகையிலேயே தொடங்குவது நல்லது. கொழும்பிலிருந்து அப்பா அம்மாவுக்குக் கட்ட நினைக்கும் பிள்ளைகள் வயது எல்லையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் சேர்க்கவே மாட்டார்கள்.

அரச வைத்தியசாலையில் தங்கினாலும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் பத்திரங்கள் இருக்கின்றன. 'இலவசமாகத்தானே பார்த்தோம்' என்று பலர் கேட்பதே இல்லை. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்டை வாங்கி, பில்களோடு ஒரே பையில் வையுங்கள். கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் பதில் சரியாகப் படவில்லை என்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.