தென்னாப்பிரிக்காவில் ஹோம்ஸ்கூல்: பிள்ளையின் ஃபைலை எப்படி வைத்துக்கொள்வது

டர்பனுக்கோ ஜோஹன்னஸ்பர்குக்கோ வேலை மாறி வரும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் கேட்பது, முதல் ஒரு வருடம் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா என்பதுதான். ஊரில் பள்ளி ஜூனில் திறக்கிறது, இங்கே ஜனவரியில். நடுவில் வந்து இறங்கும் பிள்ளையை ஒரு வகுப்பு மேலே சேர்ப்பதா கீழே சேர்ப்பதா என்ற குழப்பம். கேட்ட பள்ளியில் இடம் கிடைக்கவும் காலம் பிடிக்கும்.

வீட்டில் படிக்க வைக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்ய வேண்டும், பிள்ளை என்ன படித்தது என்பதற்குச் சான்றும் வைத்திருக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ என்கிற அந்தச் சான்றுத் தொகுப்பை நாங்கள் ஃபைல் என்றே சொல்கிறோம். பதிவைப் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் ஆள் கிடைக்கிறது. ஃபைலைப் பற்றிச் சொல்லத்தான் யாரும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 51-ஆம் பிரிவுதான் வீட்டுக்கல்விக்கு அடிப்படை. ஜனாதிபதி ரமபோசா 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்திட்ட பேலா (BELA) என்கிற அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம் அதைத் திருத்தியது. டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது கிரேடு ஆர், அதாவது கிரேடு 1-க்கு முந்தைய வகுப்பு, கட்டாயம். ஆகவே பிள்ளைக்கு ஆறு வயது நிறையும் வருடத்திலிருந்தே கணக்கு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையின் கல்வியை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். முதல் கட்டம் கிரேடு 3-இல் முடிகிறது, அடுத்தது 6-இல், அதற்கடுத்தது 9-இல். மதிப்பீட்டாளர் வேண்டுமென்றால் ஆசிரியர் மன்றமான சேஸில் (SACE) பதிவுள்ள ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். கட்டம் முடிகிற வருடத்தின் தொடக்கத்திலேயே பேசி வைத்துவிடுவது நல்லது. நவம்பரில் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது.

அந்த ஆசிரியர் உங்கள் பிள்ளையோடு உட்காரப்போவது கொஞ்ச நேரம்தான். மூன்று வருடப் படிப்பை அவர் பார்க்கப்போவது ஃபைலில். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஊர்ப் பழக்கத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய தாளை மட்டும் பத்திரப்படுத்துவோம், மிச்சமெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. இங்கே மதிப்பெண்ணை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 80-ஐத் தொட்டால் ஏழாம் நிலை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. 82-ம் 98-ம் ஒன்றுதான். இதைக் கேட்டதும் பல அப்பாக்களின் முகம் வாடிப்போகும். ஆனால் ஃபைலைப் பார்க்கிறவர் தேடுவது உச்ச மதிப்பெண்ணை அல்ல. பிப்ரவரியில் மூன்று வரி எழுதத் திணறிய பிள்ளை செப்டம்பரில் ஒரு பக்கம் எழுதுகிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். அதைக் காட்ட பிப்ரவரித் தாளும் கையில் இருக்க வேண்டும், பிழைகளோடு.

ஆகவே, ஒவ்வொரு டெர்மிலும் பாடத்துக்கு மூன்று வேலைகளை எடுத்து வையுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. வருடத்துக்கு நான்கு டெர்ம். எல்லாவற்றையும் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கட்டுரை என்றால் முதல் வரைவையும் திருத்திய பிரதியையும் சேர்த்தே வையுங்கள். அழகாகப் பார்த்து எழுதிய பிரதி பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் போகட்டும், அடித்துத் திருத்தியது ஃபைலுக்கு வரட்டும்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி வேண்டும். தேதி இல்லாத தாளால் எந்தப் பயனும் இல்லை. அதன் கீழே ஒரே வரியில் யார் எவ்வளவு உதவினார்கள் என்று எழுதுங்கள்: 'தானே செய்தாள்', 'கேள்வியை நான் வாசித்துக் காட்டினேன்', 'கடைசிக் கணக்கை அப்பாவோடு சேர்ந்து போட்டான்'. இந்த ஒரு வரிக்கு இருக்கும் மரியாதை வண்ண ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைக்குக் கிடையாது. உதவியை மறைக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு உதவி தேவைப்படுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எல்லாத் தாளிலும் பெரியவர் கையெழுத்தின் சாயல் தெரிந்தால்தான் கேள்வி வரும்.

வேலைத்தாள்களோடு வருகைப் பதிவு, வாரக் கால அட்டவணை, வாசித்த புத்தகங்களின் பட்டியல், டெர்ம் முடிவில் நீங்கள் எழுதும் அரைப் பக்கக் குறிப்பு ஆகியவையும் இருக்கட்டும். முன்பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, ஊர்ப் பள்ளியின் கடைசி ரிப்போர்ட் கார்டு, பதிவுக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள். நகலுக்கு முத்திரை வேண்டுமென்றால் நோட்டரியைத் தேடி அலைய வேண்டாம். அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் காசு வாங்காமல் போட்டுத் தருவார்கள். போலீஸ் ஸ்டேஷனா என்று தயங்காதீர்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழசான முத்திரையைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை என்பதால் மொத்தமாக முன்கூட்டியே போட்டு வைப்பதில் பயனில்லை.

பாடப்புத்தகத்துக்கு வெளியே செய்ததையும் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். வீட்டில் பிரீபெய்டு மின்சார மீட்டர் இருந்தால் தினமும் மாலை எத்தனை யூனிட் மிச்சம் என்று பிள்ளை குறித்து, மாத முடிவில் வரைபடம் போடட்டும். கிரேடு 4 கணிதத்துக்கு அதைவிட நல்ல தரவுப் பயிற்சி கிடையாது. டர்பனில் இருப்பவர்கள் இந்திய வம்சாவளியினரின் வரலாற்றைச் சொல்லும் 1860 ஹெரிட்டேஜ் சென்டருக்குக் கூட்டிப் போங்கள். அந்த வருடம் நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் அது சமூக அறிவியல். ஜோஹன்னஸ்பர்கில் இருந்தால் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி இருக்கிறது. சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண்ணின் கதை கிரேடு 6 பிள்ளைக்கு நன்றாகவே புரியும். தைப்பூசக் காவடி பள்ளி வருடத்தின் தொடக்கத்தில்தான் வரும். அதைப் பார்த்து வரைந்த படமும் நான்கு வரியும் லைஃப் ஸ்கில்ஸ் பகுதிக்குப் போகலாம். போட்டோ மட்டும் ஒட்டினால் போதாது, அதோடு பிள்ளை எழுதிய நான்கு வரி இருந்தால்தான் அது படிப்பாகும்.

தமிழுக்குத் தனிப் பிரிவு ஒன்று வையுங்கள். யாரும் கேட்கப் போவதில்லைதான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்கு முன்பே பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தேவாரமும் மாரியம்மன் பாட்டும் ஆங்கில எழுத்தில் அச்சிட்டுப் பாடுகிறவர்களை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பார்க்கலாம். அந்தப் பெரியவர்களிடம் பிள்ளை நான்கு கேள்வி கேட்டுத் தமிழில் எழுதி வரட்டும். என் கணக்கில் ஃபைலிலேயே மதிப்புள்ள பக்கம் அதுவாகத்தான் இருக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மதிப்பீட்டாளருக்காக மேலே இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் போதும்.

பொருள் விஷயம்: கெட்டி அட்டை லீவர் ஆர்ச் ஃபைல் வருடத்துக்கு ஒன்று வாங்குங்கள். டர்பன் கோடையின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வாட்டர் கலர் ஒட்டிக்கொள்ளும், கோக்கி என்று இங்கே சொல்லும் ஸ்கெட்ச் பேனாவின் மை கசியும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே போடுங்கள், ஃபைலைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கடை ஸ்லிப் ஒட்டிச் செய்த கணக்குகளை உடனே நகலெடுத்துவிடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து, வருடம், மாதம், பாடம் என்று பெயர் கொடுத்து, வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். பிள்ளையின் சான்றிதழ்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'இது சரியா' என்று கேட்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் காட்டெங்குக்கு மாறினால் அங்குள்ள துறையிடம் புதிதாகப் போக வேண்டும், ஏனென்றால் பதிவு மாகாணக் கணக்கு. ஊருக்கே திரும்பினால் பள்ளியில் டி.சி. கேட்பார்கள். ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு டி.சி. ஏது? பதிவுக் கடிதமும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் இந்த ஃபைலும்தான் தலைமையாசிரியர் மேசையில் வைக்க உங்களிடம் இருக்கும்.

இவையெல்லாம் கிரேடு 9 வரைக்கும்தான். மெட்ரிக், அதாவது இங்கே கிரேடு 12 இறுதித் தேர்வு, எழுத வேண்டுமென்றால் கிரேடு 10-இலேயே சகாய் (SACAI) அல்லது ஐஈபி (IEB) தேர்வு வாரியத்தின் கீழ் வரும் ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான பாடங்களில் கடைசி வருடத்தின் உள்மதிப்பீட்டுக்கு 25 சதவீதம் உண்டு. அந்த வேலைகளை எப்படிச் செய்வது, எப்படித் தொகுப்பது என்பதை நிறுவனமே சொல்லும்.