கரண்டு பில் கூடுகிறதா? முதலில் கிணற்று மோட்டாரைப் பாருங்கள்

குமரி மாவட்டத்து வீடுகளில் பில் கூடினால் பழி ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகும். கிணற்றடியில் கிடக்கும் மோட்டாரை யாரும் நினைப்பதில்லை. ஓடுகிற வரை அது சரியாக இருக்கிறது என்றே எண்ணம்.

இரண்டு மாதத்துக்கு 20, 25 யூனிட் மிச்சம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடுகளுக்கு அது பெரிய காசு. 2022 செப்டம்பர் கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. 500-ஐத் தாண்டியதும் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கான சலுகை விலையும் போய்விடும் என்பதே காரணம். 2024-இல் கட்டணம் ஏறியபோதும் இந்தப் படி மாறவில்லை. முப்பந்தலில் காற்றாலை எவ்வளவு சுற்றினாலும் நம் மீட்டருக்குத் தனிச் சலுகை கிடையாது.

முதலில் மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்க வேண்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போடுங்கள். ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு நிமிடத்து மினுக்கலை 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 59 மினுக்கல் என்றால் சுமார் 1.1 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு அது சரியான அளவுதான்.

அடுத்தது, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்பது. மொட்டை மாடியில் டேங்கில் விழும் குழாய்க்கடியில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து வினாடியை எண்ணுங்கள். 24 வினாடியில் நிறைந்தால் 1,000 லிட்டர் டேங்க் 20 நிமிடத்தில் நிறையும். 54 வினாடி ஆனால் 45 நிமிடம். தினம் ஒரு டேங்க் ஏற்றும் வீட்டில் இந்த வித்தியாசம் மட்டும் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 27 யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிறைந்திருக்கும்போது ஒரு தடவையும், பங்குனி, சித்திரையில் ஒரு தடவையும் எடுத்து, மோட்டார் சுவிட்சுப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். மழைக்காலத்திலேயே வாளி மெதுவாக நிறைந்தால் கோளாறு கிணற்றில் இல்லை.

“மோட்டார் ஓடுது, வெள்ளம் ஏற மாட்டேங்கு” என்ற புகார்களில் பல, கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயிலும், தண்ணீர் திரும்ப இறங்காமல் அதன் அடிமுனையில் தடுக்கும் புட் வால்விலும்தான் முடியும். மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, பம்பின் மேலுள்ள தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் புட் வால்வு ஒழுகுகிறது. இலை, மணல் சிக்கியிருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். மெயினை அணைத்து, குழாயை இரண்டு பேராகத் தூக்குங்கள். தண்ணீர் நிறைந்த குழாய் கனமானது. கழுவி வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். திரும்ப இறக்கும்போது வால்வு கிணற்றுத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் சகதியை இழுக்கும்.

மூடியில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் டேங்கில் துப்பித் துப்பி விழுகிறது என்றால் உறிஞ்சு குழாய் எங்கோ காற்று இழுக்கிறது. ஓடும்போது தேடினால் அந்த இடம் தெரியாது, ஏனெனில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளேதான் போகும். நிறுத்திய பிறகு, மேல் குழாயில் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தில் அதே ஓட்டை சொட்டு விடும். துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துத் தடவுங்கள். மரை இணைப்பு என்றால் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கலாம். பிவிசி ஒட்டு விட்டிருந்தால் வெட்டிப் புதிதாக ஒட்டுங்கள். மேலே பசை பூசுவது நாலு நாள் தாங்காது.

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு இஞ்ச் வாயுள்ள பம்பில் முக்கால் இஞ்ச் குழாய் போடுவது இங்கே வழக்கம். அந்த மிச்சத்தை மோட்டார் கரண்டாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். உறிஞ்சு பக்கம் ஒருபோதும் பம்பு வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது.

கோடையில் தண்ணீர் மட்டம் மோட்டாரிலிருந்து 22 அடிக்குக் கீழே போனால் மேலே வைத்த மோட்டார் திணறும். குதிரைத்திறனைக் கூட்டி என்ன பயன்? காற்றழுத்தம் தள்ளுகிற உயரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறதே. மோட்டாரைக் கிணற்றுக்குள் ஒரு மேடையில் இறக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டார் வாங்க வேண்டும். வாங்கும்போது கடைக்காரரிடம் குதிரைத்திறனைக் கேட்காமல், கோடை நீர்மட்டத்திலிருந்து டேங்க் வாய் வரையுள்ள உயரத்தைச் சொல்லுங்கள். பம்பின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஹெட் அளவின், அதாவது தண்ணீர் ஏற்றும் உயர அளவின், நடுப்பகுதியில் அந்த உயரம் விழுந்தால் பம்பு சிக்கனமாக ஓடும்.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் இரும்புப் பம்பு சில வாரம் ஓடாமல் கிடந்தாலே துருவேறி இறுகிவிடும். போடுவதற்கு முன் மெயினை அணைத்துப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இருக்கும்போது சுவிட்சைத் தட்டினால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். விசிறி எளிதாகச் சுற்றுகிறது, ஆனால் சுவிட்சு போட்டால் முனகல் மட்டும் கேட்கிறது என்றால் மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கப்பாசிட்டர் போயிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்க வேண்டாம்.