பன்னாட்டுச் சங்கத்தோட பலமும் பலவீனமும்: பதில் எழுதுறது எப்படி?

ஹிஸ்டரி பேப்பர்ல இந்தக் கேள்வி வந்தா நிறைய பேர் பலம் அஞ்சு, பலவீனம் அஞ்சுன்னு மனப்பாடம் பண்ணதை அப்படியே இறக்கி வச்சிட்டு வந்துடறாங்க. இப்படி எழுதிப் பாருங்க.

ஸ்டெப் 1: அறிமுகம் ரெண்டே வரி. பன்னாட்டுச் சங்கம்ங்கிறது (League of Nations) இன்னொரு போர் வராம தடுக்க நாடுகள் சேர்ந்து அமைச்சது, முதல் உலகப்போர் முடிஞ்சு 1920 ஜனவரில ஆரம்பிச்சது, ஆபீஸ் ஜெனீவால, இதுக்காக முன்ன நின்னவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன், ஆனா அவரோட நாடே கடைசி வரைக்கும் சேரல. போதும்.

ஸ்டெப் 2: இதுதான் முக்கியம், கிரீஸ் கதையை எடுத்துக்கோங்க. 1923ல கிரீஸ் மண்ணுல இத்தாலி ஜெனரல் ஒருத்தரை யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க, உடனே முசோலினி கப்பல் படையை அனுப்பி கோர்ஃபு தீவு மேல குண்டு போட வச்சாரு, அங்க பழைய கோட்டையில தங்கியிருந்த அகதிங்க செத்தாங்க, அதுல குழந்தைங்களும் உண்டு. கிரீஸ் சங்கத்துக்கிட்ட முறையிட்டுச்சு, ஆனா விவகாரம் கைமாறி பெரிய நாடுகளோட தூதர்கள் மாநாட்டுக்குப் போயிடுச்சு, கடைசில 5 கோடி லிரா கட்டினது அடி வாங்கின கிரீஸ். 1925ல அதே கிரீஸ் எல்லைத் தகராறுல பல்கேரியாவுக்குள்ள படையை அனுப்புச்சு, சங்கம் நிறுத்துன்னு சொன்னதும் படை திரும்பிடுச்சு, 45,000 பவுண்டு நஷ்டஈடும் கட்டுச்சு. சின்ன நாடுன்னா சங்கத்தோட பேச்சு எடுபடும், பெரிய நாடுன்னா எடுபடாது, இதை உங்க வார்த்தைல எழுதுங்க.

ஸ்டெப் 3: ஏன்னு காரணம் சொல்லுங்க. சங்கத்துக்குன்னு சொந்தப் படை கிடையாது, முக்கிய முடிவுன்னா எல்லாரும் ஒத்துக்கணும், இத்தாலியும் ஜப்பானும் சங்கத்தோட முக்கிய முடிவெடுக்கிற கவுன்சில்லயே நிரந்தர உறுப்பினர். 1931ல ஜப்பான் சீனாவோட வடகிழக்குல இருக்கிற மஞ்சூரியாவைப் பிடிச்சப்ப விசாரணை அறிக்கை வர்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சு, அறிக்கையை சங்கம் ஏத்துக்கிட்டதும் ஜப்பான் வெளிய போயிடுச்சு. 1935ல இத்தாலி அபிசீனியா (இன்னைக்கு எத்தியோப்பியா) மேல படையெடுத்தப்ப பொருளாதாரத் தடை போட்டாங்க சரி, ஆனா பெட்ரோலை அந்த லிஸ்ட்ல சேர்க்கல, சூயஸ் கால்வாயையும் மூடல. நாட்டை இழந்த அபிசீனியா பேரரசர் ஹெய்லி செலாசி 1936ல ஜெனீவா மேடைல பேச எழுந்தப்ப இத்தாலி பத்திரிகைக்காரங்க விசில் அடிச்சாங்க. எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இந்த இடத்துல மனசு கனத்துப் போகும்.

ஸ்டெப் 4: பலத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்க, சும்மா தோத்துப்போச்சுன்னு முடிச்சா அது நியாயமில்ல. ஆலந்து தீவுக்காக ஸ்வீடனும் பின்லாந்தும் மோதிக்காம தீர்த்து வச்சாங்க, சங்கத்துக்காக வேலை செஞ்ச நார்வேக்காரர் நான்சென் தலைமைல 4 லட்சம் போர்க் கைதிங்களை ஊருக்கு அனுப்புனாங்க. நாடே இல்லாம நின்ன ரஷ்ய அகதிங்களுக்கு 1922ல நான்சென் பாஸ்போர்ட் கிடைச்சுது, அந்த ஒரு காகிதத்தை வச்சுத்தான் அவங்க எல்லை தாண்டி வேலை தேடிப் போக முடிஞ்சுது.