ஜேஆர்எஃப் விண்ணப்பம்: ஓபிசி சான்றில் கோட்டை விடாதீர்கள்

காமராசர் பல்கலைக்கழகத்திலோ மதுரையின் கல்லூரிகளிலோ பிஎச்டி செய்ய நினைப்பவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. மாதம் 37,000 ரூபாய். அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. இதற்கான தேர்வு, கலைப் பாடங்களுக்கு யுஜிசி நெட், அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர் நெட். இரண்டுமே பொதுவாக ஆண்டுக்கு இருமுறை.

ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும் பலர் சறுக்குவது சான்றிதழில்தான். பள்ளியில் வாங்கிய பிசி, எம்பிசி நிரந்தர சாதிச் சான்று இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்று தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், விஏஓ, ஆர்ஐ மேசைகளைத் தாண்டி வட்டாட்சியரிடம் போகும். தேர்வு அறிவிப்பு வந்தபின் ஓடினால் நாள் பற்றாது. அறிவிப்பில் கேட்கும் நிதியாண்டுக்குள் சான்றின் தேதி விழுகிறதா என்றும் பாருங்கள். மார்ச்சில் வாங்கியது ஏப்ரலில் பழசாகிவிடும்.

அடுத்த தொல்லை நம்ம ஊர் இனிஷியல். ஆதாரில் 'முத்துக்குமார் பா', மார்க் ஷீட்டில் 'பா. முத்துக்குமார்' என்றிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

தேர்வானபின் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் பிஎச்டி-யில் சேர வேண்டும். பணமும் தானாக வராது. உங்கள் வருகையைப் பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதி செய்தால்தான் வரும். அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தர் யார் என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.